ஒரு நாள் கூட லீவு போடாமல்

மண்ணூர் கலைமதிக்கு ஒரகடத்தில் ஒரு வயரிங் கம்பெனியில் வேலை. கார்களுக்குள் ஓடுகிற ஒயர்களை நிறம் பார்த்துச் சேர்த்து, கிளிப் மாட்டி, டேப் சுற்றிக் கொடுக்கும் லைனில் பல வருடமாக நின்றுகொண்டிருந்தாள். மகள் சுபஸ்ரீ பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் சேர்ந்தவள். இப்போது அந்தப் பெண் செங்கல்பட்டில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். கணவன் சுப்பிரமணி இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. அவனுக்கு நைட் ஷிஃப்ட் வருகிற வாரங்களில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பது வாசலில்தான். அவன் செருப்பைக் கழற்றும்போது இவள் மாட்டிக்கொண்டிருப்பாள்.

பெரிய ஆசைகள் என்று அவளுக்கு எதுவும் கிடையாது. திருப்பதி போயிருக்கிறாள், மேல்மருவத்தூர் போயிருக்கிறாள், ஒருமுறை வேளாங்கண்ணி வரைக்கும் போய்விட்டுக் கடலில் கால் நனைத்துத் திரும்பியிருக்கிறாள். டெல்லி அவள் மனதில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அட்டைப்பெட்டிகள். அவர்கள் லைனில் செய்கிற ஒயர்களில் பாதி வடக்கே போகும். பெட்டிகளின் மேல் ‘மானேசர்’ என்று ஒட்டியிருக்கும். அது எங்கே இருக்கிறது என்று ஒருநாள் லாரி டிரைவரிடம் கேட்டாள். டெல்லிக்குப் பக்கத்தில் என்றான் அவன். தன் கை பட்ட ஒயர் டெல்லி வரைக்கும் போகிறது, தான் ஆந்திராவில் திருப்பதியைத் தாண்டியதில்லை என்று அன்றைக்கு வீட்டில் சொல்லிச் சிரித்தாள். சுப்பிரமணி பாதித் தூக்கத்தில் ‘உம்’ கொட்டினான்.

ஒரு புத்தாண்டு அன்று கேன்டீனில் கேக் வெட்டினார்கள். அப்போது எச்.ஆர். மேனேஜர் மைக்கைப் பிடித்து ஒரு அறிவிப்புச் செய்தார். அந்த வருடம் முழுக்க ஒரு நாள் கூட லீவு போடாமல் வேலைக்கு வருகிறவர்களைக் கம்பெனி விமானத்தில் டெல்லிக்கு அழைத்துப் போகும். செங்கோட்டை, குதுப்மினார், இந்தியா கேட் எல்லாம் சுற்றிக் காட்டும். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிய கையைக் கழுவுகிற இடத்திலேயே பெரும்பாலானவர்கள் அதை மறந்துவிட்டார்கள். வருடம் முழுக்க யாரால் முடியும்? காய்ச்சல் வரும், சாவு வரும், காது குத்து வரும்.

அவர்கள் லைனில் மறக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கலைமதி. இன்னொருத்தி அவளுக்கு எதிர் மேசையில் நின்று வேலை செய்த சுகப்பிரியா. சங்கரன்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊர். டிப்ளமோ முடித்துவிட்டுக் கம்பெனியின் டிரெய்னியாக நேரடியாகச் சேர்ந்தவள். வல்லத்தில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள் என்றாலும் கலைமதியை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். “நாம ரெண்டு பேரும் போவோம்க்கா” என்று அன்றைக்கே சொன்னாள். ஒருத்தி சோர்ந்தால் இன்னொருத்தி இழுத்துக்கொண்டு போவது என்று பேசி வைத்தார்கள்.

அன்று மாலை கலைமதி நேராக வல்லம் வடகாலுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணன் மோகன்தான் அவளுக்கு அப்பா மாதிரி. அப்பா போன பிறகு இருந்த நிலத்தில் பயிர் வைத்து அவளை வளர்த்ததும் அவர்தான், மண்ணூரில் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். சுபஸ்ரீ வயதுக்கு வந்தபோது தாய்மாமன் சீரை மேளத்தோடு கொண்டுவந்து தெருவையே திரும்பிப் பார்க்க வைத்தவர். நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதும் ஒரு குட்டி யானை வண்டி எடுத்து, கம்பெனிகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பிறகு சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. வண்டியை விற்றார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவது, மற்ற நாள் கட்டிலில் படுத்து போன் பார்ப்பது, இதுதான் அவர் வாழ்க்கை. தண்ணீர் கூட அளந்துதான் குடிக்க வேண்டும். தாகம் தாங்காதபோது அண்ணி கனகம் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போடுவாள்.

தங்கை டெல்லி என்றதும் அவர் எழுந்து உட்கார்ந்தார். நோய் வந்த பிறகு அவருக்குச் செய்வதற்கு ஒரு வேலை கிடைத்தது அப்போதுதான். ஒரு வாரத்துக்குள் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்து டெல்லியைக் கரைத்துக் குடித்துவிட்டார். கம்பெனி பஸ் வைத்துத்தான் கூட்டிப் போகும் என்றாலும், அவர் ஏதோ தங்கை தனியாக இறங்கி நடக்கப் போகிறவள் போல வழி சொல்லிக் கொடுத்தார். எந்த மெட்ரோவில் ஏறி எங்கே மாறுவது, இந்தியா கேட்டை எந்தப் பக்கம் நின்று பார்த்தால் வெயில் கண்ணில் அடிக்காது, சாந்தினி சவுக்கில் எந்தச் சந்துக்குள் போகக் கூடாது. ஜனவரிக் குளிர் எப்படி இருக்கும் என்று சொல்லி, சுங்குவார்சத்திரத்தில் ரோட்டோரம் ஸ்வெட்டர் விற்கிறவர்கள் வந்ததும் வாங்கிவிடச் சொன்னார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்துப்போனது குதுப்மினார் பக்கத்தில் நிற்கிற இரும்புத் தூண்.

“எந்த ராஜா காலத்துலயோ நட்டது. மழையிலயும் வெயில்லயும் நின்னுக்கினு கீது, துரு புடிக்கல பாரு” என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். “என் வண்டி ரெண்டு மழைக்குத் தாங்கல, அடியெல்லாம் ஓட்டையாப் பூடுச்சி. நீ போயி அதக் கையால தொட்டுட்டு வா. எப்படிக் கீதுன்னு எனக்குச் சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமைகளில் சில நாள் சுகப்பிரியாவும் கூட வருவாள். அவளுக்கு டெல்லியில் பனிக்கட்டி விழாது என்பது பெரிய ஏமாற்றம். “அப்பம் நான் எதுக்கு அண்ணாச்சி அங்க வரணும்?” என்பாள். மோகன் சிரிப்பார். மூச்சு வாங்கும், நிறுத்திவிட்டு மறுபடி சிரிப்பார். கனகம் அந்தப் பேச்சில் சேர மாட்டாள். அடுப்படியில் உப்பில்லாத குழம்பைக் கிளறியபடி ஒருமுறை மட்டும், யாரையும் பார்க்காமல், தான் தாம்பரத்தைத் தாண்டியதில்லை என்று சொன்னாள். மோகன் அடுத்த வீடியோவைப் போட்டார்.

வருடம் ஓடியது. மார்ச்சில் கலைமதிக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் லைனில் நின்றாள். சுகப்பிரியாவின் அக்காவுக்குக் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறிப் போனவள், திங்கட்கிழமை காலையில் மருதாணிக் கையோடு பெருங்களத்தூரில் இறங்கி, அப்படியே கம்பெனிக்கு வந்து நின்றாள். சுபஸ்ரீ கல்லூரியில் நர்ஸ் உறுதிமொழி எடுக்கிற விளக்கேற்றும் விழா வைத்தபோது கலைமதி போகவில்லை. மகள் கொஞ்ச நாள் போனில் சுருக்கமாகப் பேசினாள். புரட்டாசியில் மோகனுக்கு மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பகல் முழுக்கக் கனகம் பார்த்துக்கொண்டாள், கலைமதி மாலையில் போனாள். படுக்கையில் இருந்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, லீவு கீவு போட்டுவிட்டாயா என்பதுதான். இல்லை என்றதும் தலையை ஆட்டினார். சில நாளில் வீட்டுக்கும் வந்துவிட்டார். அதற்குப் பிறகும் ஒருமுறை அப்படித்தான் ஆனது, அப்போதும் தேறி வந்தார்.

கார்த்திகை மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை. லைனில் யாரும் போன் வைத்திருக்கக் கூடாது, லாக்கரில் போட்டுவிட வேண்டும். சாப்பாட்டு நேரம் முடிந்து எல்லோரும் மறுபடி வேலையில் நின்றிருந்தார்கள். சூப்பர்வைசர் ராஜசேகர் கலைமதியைத் தேடி வந்தார். வயதில் சின்னவர், எல்லாப் பெண்களையும் அக்கா என்றுதான் சொல்வார்.

“கலைக்கா, உங்க அண்ணி ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணாங்க. அண்ணனுக்கு மூச்சு வாங்குதாம், ஆஸ்பத்திரிக்கு இட்டுன்னு போறாங்களாம்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “போறதுன்னா இப்பவே கேட் பாஸ் போட்டுத் தர்றேன். ஆனா அரை நாள் லீவாயிடும். பாத்துக்கங்க” என்றார்.

சீரியஸ் என்று சொன்னார்களா என்று கேட்டாள். அப்படி எதுவும் சொல்லவில்லை என்றார் அவர்.

கலைமதி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஷிஃப்ட் முடிய ரொம்ப நேரம் இல்லை. புரட்டாசியில் இப்படித்தான் ஆனது, பிறகும் இப்படித்தான் ஆனது. வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. போய் நின்றால் அவரே திட்டுவார்.

எதிரில் சுகப்பிரியா கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டாள். “எக்கா, நீங்க போங்க. டெல்லி எங்க போயிரப் போவுது?”

“ஷிஃப்ட் முடிச்சிட்டுப் போறேன் சார்” என்றாள் கலைமதி, ராஜசேகரிடம். அவர் சரி என்று போய்விட்டார். அவள் ஒரு மஞ்சள் ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சேர்த்துப் பிடித்து டேப் சுற்ற ஆரம்பித்தாள். ஷிஃப்ட் முடியும் வரை சுகப்பிரியா அவளோடு பேசவில்லை.

மணி அடித்ததும் ஓடிப்போய் லாக்கரைத் திறந்தாள். அண்ணியிடமிருந்து வரிசையாக அழைப்புகள் வந்திருந்தன. கடைசியாக வந்தது சுப்பிரமணியிடமிருந்து. அவனுக்குத்தான் முதலில் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், நேராக உன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடு என்றான் அவன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஒரகடம் கூட்ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே, ஆட்டோவுக்குள், மோகனின் உயிர் போயிருந்தது. பக்கத்தில் இருந்தது கனகம் மட்டும்தான்.

வீட்டு வாசலில் தார்ப்பாய் கட்டி, அதன் கீழே ஈரத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி யூனிஃபார்மோடு வந்து இறங்கிய கலைமதியைப் பார்த்ததும் வழி விட்டார்கள். அவள் கனகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழப் போனாள். கனகம் அவள் கைகளை விலக்கவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை.

“வழி பூரா கேட்டுக்கினே வந்தாரு, கலை வந்துட்டாளா, கலை வந்துட்டாளான்னு” என்றாள். “வந்துக்கினு கீறான்னுதான் சொன்னேன்.”

அன்றிலிருந்து கனகம் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் கலைமதி எழுந்து குளித்து, யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றாள். சுப்பிரமணியால் நம்ப முடியவில்லை. கூடப் பிறந்தவன் சாம்பல் ஆறவில்லை, ஊர் என்ன பேசும் என்று கேட்டான். அவளுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். இன்றைக்கு லீவு போட்டுவிட்டால், சனிக்கிழமை எதற்காக அங்கே நின்றேன்? அந்தச் சில மணி நேரத்துக்கு ஏதாவது ஒரு அர்த்தம் மிச்சம் இருக்க வேண்டும் என்றால் அவள் டெல்லிக்குப் போயே ஆக வேண்டும். போய் அந்தத் தூணைத் தொட்டே ஆக வேண்டும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாருக்கும் புரிந்திருக்காது.

ஊர் பேசத்தான் செய்தது. பஸ்ஸில் அவள் பக்கத்து சீட் சில நாள் காலியாகவே வந்தது. கருமாதியை ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்தார்கள், அதனால் அதற்கும் லீவு தேவைப்படவில்லை. டிசம்பர் முழுக்கப் போனாள். கடைசி நாளும் போனாள். சுகப்பிரியாவும்தான். மதியம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். டெல்லியைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் டூர் போகிறவர்களின் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். சுகப்பிரியாவின் பெயர் இருந்தது. கலைமதியின் பெயர் இல்லை.

ஏதோ தவறு நடந்திருக்கும் என்று நினைத்து ராஜசேகரிடம் போனாள். அவரும் அப்படித்தான் நினைத்தார், கூட வந்து எச்.ஆர். ஆபீஸில் விசாரித்தார். அங்கே இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கலைமதி வேலைக்குச் சேர்ந்ததே போன ஜூலையில்தான் என்றாள்.

விஷயம் இதுதான். கலைமதி இத்தனை வருடம் வேலை செய்தாலும் கம்பெனி ஆள் கிடையாது, கான்ட்ராக்ட் ஆள். ஆடி மாதம் பழைய கான்ட்ராக்டர் போய்ப் புது கான்ட்ராக்டர் வந்தார். எல்லோரிடமும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு புது அடையாள அட்டை கொடுத்தார்கள். அதே லைன், அதே மேசை, அதே வேலை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கணக்கில் அன்றைக்குத்தான் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அதற்கு முந்தைய மாதங்களில் அவள் வந்ததும் போனதும் பழைய கான்ட்ராக்டரோடு போய்விட்டன. வருடம் முழுக்க வேலை செய்தவர்கள்தான் டூருக்குப் போக முடியும்.

அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கூடக் கேட்டாள். ராஜசேகர் இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கலைமதி சண்டை போடவில்லை. லைனுக்குத் திரும்பி வந்து நின்றாள். டேப்பின் முனையைத் தேடினாள், ரொம்ப நேரம் அது விரலுக்கு அகப்படவில்லை.

சுகப்பிரியா தானும் போகப் போவதில்லை என்றாள். ஹாஸ்டலுக்குப் போகாமல் கலைமதியோடு மண்ணூர் வரை வந்து, கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “எனக்கு வேண்டாம்க்கா. என்னத்தப் பாக்கப் போறேன் நான் அங்கன, ஒத்தையில?”

“நீ போ” என்றாள் கலைமதி. “நீயும் போவலன்னா, அப்புறம் ஒன்னுமே இல்லாத பூடும்.”

பொங்கல் முடிந்து டூர் போகிறவர்கள் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கலைமதி வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது சுகப்பிரியா வீடியோ காலில் வந்தாள். குல்லாய்க்குள் முகம் சின்னதாகத் தெரிந்தது. பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. பின்னால் இருந்ததெல்லாம் வெள்ளை.

“எக்கா, இந்தியா கேட்டு. தெரியுதா?”

“ஒன்னும் தெரியல பிரியா.”

“எனக்கும் ஒண்ணும் தெரியலக்கா. ஒரே மூட்டமா இருக்கு. இங்கனதான் நிக்குன்னு சொல்லுதாவ, கிட்டப் போயும் தெரியல.” அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். எங்கும் வெள்ளைதான். அதற்குள் யாரோ நடந்து போனது போல ஒரு நிழல் அசைந்தது. பிறகு அவள் மறுபடி வந்தாள். முந்தின நாள் குதுப்மினார் போனதாகச் சொன்னாள். தூணைச் சுற்றி வேலி போட்டிருக்கிறார்கள், யாரையும் தொட விடுவதில்லை, காவலுக்கு ஆள் நிற்கிறார், கையை நீட்டிப் பார்த்தேன், எட்டவில்லை என்றாள். பரவாயில்லை, காதை மூடிக்கொள், சளி பிடித்துவிடப் போகிறது என்று சொல்லி கலைமதி போனை வைத்தாள். மீனை முழுக்க ஆய்ந்து முடித்தாள்.

டூர் முடிந்து வந்த கொஞ்ச நாளில் சுகப்பிரியா வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம். கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும் என்றாள். எதிர் மேசையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் வந்து நின்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு இந்தி தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, எந்தக் காரணமும் இல்லாமல், கலைமதி வேலைக்குப் போகவில்லை. தெரு முனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சற்று நேரத்தில் ராஜசேகர் போன் செய்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன், சும்மாதான் வரவில்லை என்றாள். அவர் ஒன்றும் புரியாமல் சரி என்றார்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மதியத்துக்கு மேல் புடவை மாற்றிக்கொண்டு வல்லம் வடகாலுக்குப் போனாள். அண்ணன் வீடு பூட்டியிருந்தது. கனகம் இப்போது தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இது அவளுக்குத் தெரியாது. வாசலிலேயே காத்திருந்தாள். வெயில் சாய்ந்தபோது ஒரு வேன் வந்து தெரு முனையில் நின்றது. நீல நிற ஓவர்கோட்டும் கையில் டிபன் பையுமாகக் கனகம் இறங்கி நடந்து வந்தாள். கலைமதியைப் பார்த்ததும் அவள் நடை கொஞ்சம் தயங்கியது. பிறகு வந்து சாவியை எடுத்தாள்.

“இன்னிக்கு வேலைக்குப் போவலியா?”

“லீவு போட்டுட்டேன் அண்ணி.”

கனகம் பூட்டில் சாவியை வைத்தபடி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கலைமதி அவள் காலில் விழுந்திருப்பாள்.

“இன்னிக்கா” என்றாள் கனகம்.

பூட்டைத் திறந்தாள். உள்ளே போய் விளக்கைப் போட்டாள். குழாயில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. கலைமதி கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். ஷிஃப்ட் விடுகிற நேரம், வந்த பஸ்ஸெல்லாம் நிரம்பி வழிந்தது. நின்றுகொண்டேதான் மண்ணூர் வந்து சேர்ந்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள்.